திரும்பி வந்த பீடிப் புகை

நல்லமுத்து பீடியை விட்ட மூன்றாம் நாள் காலையில், அதுவரை அவர் ஊதித் தள்ளிய புகையெல்லாம் வீடு திரும்பத் தொடங்கியது. ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டைக்கு மேலே இருக்கும் அந்த எஸ்டேட்டில் அந்த வாரம் மிளகு விலை இறங்கியிருந்தது, மாரமங்கலம் பஸ்ஸும் இரண்டு நாளாக வரவில்லை, ஆகவே தொழிலாளிகள் குடியிருக்கும் லைன் வீடுகளில் பேசுவதற்கு வேறு விஷயங்களும் இருந்தன. முதல் புகை காப்பிச் செடிகளுக்கு நடுவே இருக்கும் ஒற்றையடிப் பாதையில், ஓர் ஆளின் வாய் உயரத்தில், அவசரமில்லாமல் வந்தது. மலையில் மூடுபனிக்குப் பஞ்சமில்லை என்பதால் முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் மூடுபனி எல்லா வீட்டுக்கும் பொதுவாக வரும். இது தண்ணீர்க் குழாயைத் தாண்டி, படுத்திருந்த நாயைச் சுற்றிக்கொண்டு, வரிசையில் முன்னால் இருந்த வீடுகளை விட்டுவிட்டு, நல்லமுத்து வீட்டு வாசலில் சற்று நின்று, பிறகு உள்ளே போனது. ஒரு பீடி எரியும் நேரம் இருந்துவிட்டுக் கலைந்தது. பக்கத்து வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர்தான், சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே கை நுழையும் சந்து வேறு உண்டு. அந்தப் பக்கம் நூலளவு புகைகூடப் போகவில்லை என்று பக்கத்து வீட்டுக் கலாவதி சொன்னாள்.

நல்லமுத்துவுக்கு எஸ்டேட்டில் நிழல் கழிக்கிற வேலை. காப்பிச் செடிகளுக்கு மேலே நிற்கும் சில்வர் ஓக்கிலும் பலாவிலும் ஏறி, செடிக்கு எவ்வளவு வெயில் வேண்டுமோ அவ்வளவு இறங்கும்படி கிளைகளை வெட்டிவிடுவது. அவர் மரத்தின் மேலிருந்து பீடியைப் பற்ற வைத்தால் கீழே இருப்பவர்களுக்கு அதுதான் இடைவேளை மணி. பீடி குடிக்கிறவன் வேலை நடுவே உட்காரலாம், குடிக்காதவன் உட்கார்ந்தால் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் ஆண்டனி ராஜ் ஏன் என்று கேட்பார், இது அங்கே எழுதாத சட்டம். நல்லமுத்து பீடியைப் பல தடவை விட்டவர். மகள் இலக்கியா பிறந்தபோது விட்டார், அவள் பள்ளிக்கூடம் போனபோது விட்டார், அவள் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு விட்டார். பாக்கு மென்றார், சோம்பு மென்றார், காய்ந்த காப்பிப் பழத்தோலை மென்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும், விட்டுவிட்டோமே என்ற சந்தோஷத்தில் ஒன்று பற்ற வைத்தார், அத்தோடு விட்டது போயிற்று.

இந்தத் தடவை விட்டது மனைவி தங்கம்மாவுக்காக. அவளுக்குச் சில வருஷமாக இருமல். மலைக் குளிர் என்றார்கள், அப்புறம் தூசி என்றார்கள், கடைசியில் மகளும் மருமகன் லோகேஷும் சேலத்துக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்துப் பார்த்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு டாக்டர், வீட்டில் பீடி சிகரெட் குடிக்கிறவர் யார் என்று கேட்டார். யாரும் பேசுமுன் தங்கம்மா, "அடுப்புப் பொகைங்க டாக்டர். வெறகு நொம்ப ஈரம்," என்றாள். டாக்டர், கூட வந்திருந்த நல்லமுத்துவின் சட்டைப் பையைப் பார்த்தார், அதில் பீடிக்கட்டு தலையை நீட்டிக்கொண்டிருந்தது. நுரையீரல் கெட்டது கெட்டதுதான், பழையபடி ஆகாது, இனிமேல் அந்த வீட்டில் புகை என்பதே இருக்கக்கூடாது, இருந்தால் அதிக நாள் தாங்காது என்று அவர் நல்லமுத்துவைப் பார்த்தே சொன்னார். நல்லமுத்துவுக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. அத்தனை வருஷம் தன் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விட்டதைத் தவிர அவள் வேறு ஒன்றும் செய்யவில்லை. ஊர் திரும்பியதும் எரிவாயு அடுப்பு வாங்கினார், விறகை அள்ளிக் கலாவதிக்குக் கொடுத்தார், பீடியை முனியப்பனிடம் விடுவது என்று முடிவு செய்தார்.

அந்த எஸ்டேட் எல்லையில் ஒரு முனியப்பன் உண்டு. கெட்ட பழக்கத்தை விடுகிறவர்கள் கடைசிப் பண்டத்தை அவர் காலடியில் வைத்து, இனிமேல் இது உன்னுடையது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். சாராயத்தை விட்டவர்கள் பாட்டிலை வைத்திருக்கிறார்கள், சீட்டாட்டத்தை விட்ட ஒருவர் சீட்டுக்கட்டை வைத்தார். முனியப்பன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார், அவர்களும் அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. பீடி, சுருட்டு என்றால் கற்பூரத்தில் பற்ற வைத்துப் படைக்க வேண்டும். நல்லமுத்து போன அன்றைக்குப் பேய்க்காற்று. கற்பூரம் நிற்கவில்லை, தீக்குச்சி ஒவ்வொன்றாக அணைந்தது. பெட்டியில் ஒரே குச்சி மிச்சமிருந்தபோது அவருடைய கை பழக்கப்படி பீடியை வாயில் வைத்தது, இரண்டு உள்ளங்கையும் குவிந்தன, வாய் இழுத்தது. பற்றிக்கொண்ட பிறகும் வாய் இன்னொரு தடவை இழுத்தது. பிறகுதான் அவர் அதை எடுத்துச் சாமியின் காலடியில் வைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தார். தான் என்ன செய்தோம் என்பது அவருக்கு வீடு வந்து சேரும்வரை தெரியாது.

முதலில் வந்த புகையில் கற்பூர வாசம் இருந்தது. அதற்கு அடுத்ததில் டீசல் வாசமும் ஆரஞ்சுத் தோல் வாசமும் இருந்தன. ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் ஆரஞ்சு விற்கிறவள் பக்கத்தில் நின்று குடித்த பீடி அது என்று நல்லமுத்துவுக்கு உடனே தெரிந்தது. அடுத்து வந்ததில் ஆஸ்பத்திரி வாசம் இருந்தது. அது சேலத்திலிருந்து வளைவு வளைவாக மலையேறி வந்ததையும், லாரி வந்தபோது ஒதுங்கி வழிவிட்டதையும் ஜீப்காரர்கள் பார்த்திருந்தார்கள். கடைசியாக விட்டது முதலில், அதற்கு முந்தினது அதற்கு அடுத்து என்று வரிசை பிசகாமல் வந்தது. ஒரு நாளைக்கு எத்தனை பீடி குடித்தாரோ அத்தனை தடவை வந்தது. கொஞ்ச நாளில், புகையோடு வாசம் மட்டும் வருவதில்லை, அப்போது பக்கத்தில் கேட்ட சத்தமும் வருகிறது என்று தெரிந்துகொண்டார்கள். முந்தின மாதத்துப் புகைக்குள்ளிருந்து தங்கம்மாவின் குரல், "வெளிய போயி ஊதுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவுது," என்றது. வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த தங்கம்மா தலையைத் தூக்காமல், "அப்பவே சொன்னேன்," என்றாள். சொல்லிவிட்டு இருமினாள். உள்ளே புகையிலும் அவள் இருமிக்கொண்டிருந்தாள்.

முனியப்பனுக்குப் பூசை செய்கிற சித்தன் மலைக்காரர், கோயிலுக்குக் கீழே சாமையும் கொஞ்சம் காப்பியும் வைத்திருப்பவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கற்பூரத்தில் பற்ற வைத்தீர்களா, வாயில் வைத்தீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "எச்சிப் பண்டத்தச் சாமி தொடுமாங்க? திருப்பி உட்டுருச்சு. அதோட சேத்துப் பழசையும் உட்டுருச்சு," என்றார் சித்தன். பரிகாரமாகச் சேவல் அறுத்து, புதுச் சுருட்டு வைத்து, காற்றில்லாத நாளாகப் பார்த்துக் கற்பூரத்தில் பற்ற வைத்தார்கள். அந்தச் சுருட்டுப் புகை நேராக மேலே போனது. சேவலையும் சாமி ஒப்புக்கொண்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் போன வருஷத்துப் பீடி உள்ளே புகைந்துகொண்டிருந்தது. மலையுச்சியில் இருக்கும் சேர்வராயன் கோயிலுக்கும் ஏறினார், குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டார், தீர்த்தம் வாங்கி வந்து வீடெல்லாம் தெளித்தார். தரை ஈரமானதுதான் மிச்சம்.

தங்கம்மாவுக்கு இருமல் கூடியது. நல்லமுத்து வாசலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டார், புகை அதன் அடியில் குனிந்து வந்தது. மின்விசிறி வைத்தார், புகை சற்றுச் சாய்ந்துகொண்டு நின்றது. கதவைச் சாத்தினால் ஓட்டுச் சந்து வழியாக வந்தது. நம்மால்தானே வருகிறது, நாம் போய்விடுவோம் என்று படுக்கையைச் சுருட்டிக்கொண்டு காப்பி மூட்டைகள் அடுக்கியிருந்த கிடங்கில் போய்ப் படுத்தார். அவர் நினைத்தது சரிதான், புகை வீட்டை விட்டுவிட்டுக் கிடங்குக்கு வந்தது. ஆனால் காப்பிக்கொட்டை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்கிற சாதி. வாரக் கடைசியில் ஆண்டனி ராஜ் ஒரு கை கொட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்லமுத்து, நீங்க நல்ல மனுசருங்க. ஆனா இத யாரு வாங்குவா?" என்று கேட்டு அவரைப் படுக்கையோடு வெளியே அனுப்பினார். மழைக்காலம் தொடங்கியிருந்தது, வேறு கூரை இல்லை. அவர் வீட்டுக்குத் திரும்பினார், தங்கம்மா சேலத்தில் மகள் வீட்டுக்குப் போனாள். பீடியை விட்டதால் பெண்டாட்டியைப் பிரிந்தவர் அந்த மலையில் அவர் ஒருவர்தான்.

அவள் போன பிறகு அவருக்கு வேலையும் ஓடவில்லை, கையும் நிற்கவில்லை. பீடி நேரத்தில் மற்றவர்கள் உட்கார, இவர் மரத்தடியில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டுக்கடியில் எதையோ துழாவும்போது, எந்தக் காலத்திலோ ஒளித்து வைத்த பீடி ஒன்று கையில் பட்டது. பற்ற வைக்கிற எண்ணமில்லை, வாசத்துக்காக உதட்டில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அப்போதுதான் வந்துகொண்டிருந்த புகை அவரைப் பார்த்து நின்றது. பின்னாலேயே நகர்ந்து வேலியோரம் போய் அங்கேயே தங்கியது. பீடியை வாயிலிருந்து எடுத்தார், புகை உள்ளே வந்தது. மறுபடி வைத்தார், வேலிக்குப் போனது. மூன்றாம் தடவை வெறும் பீடிக்கு ஏமாறாமல் அவரைத் தாண்டி உள்ளே போனது. இதைத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கலாவதி பார்த்துவிட்டாள். சும்மா உதட்டில் வைத்ததற்கே இப்படி என்றால், பற்ற வைத்தால் புகை அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்காது என்று சாயங்காலத்துக்குள் லைன் முழுக்க முடிவாகிவிட்டது.

அன்றிலிருந்து அவரைப் பார்க்கிறவர்களெல்லாம் பீடி குடிக்கச் சொன்னார்கள். "தெனம் ஒன்னே ஒன்னு பத்த வெச்சுக்கோங்கண்ணா. ஊடு தெளிஞ்சுரும், அக்காளக் கூட்டியாந்தரலாம்," என்றாள் கலாவதி. சித்தன்கூட அதில் தப்பில்லை என்றார். உண்மையைச் சொன்னால் நல்லமுத்துவுக்கு ஆசையாகவும் இருந்தது. மனைவிக்காகப் பீடி குடி என்று ஊரே கெஞ்சுகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே போனில் சேலத்துக்குப் பேசினார். "தங்கம், ஒன்னப் பத்த வெச்சா ஊடு தெளியுதாமா. நீ வந்தரலாம்," என்றார். அந்தப் பக்கம் இருமல் கேட்டது, அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"எத்தன நாளைக்குங்க பத்த வெப்பீங்க?"

"தெனமுந்தான்."

"அப்பறம் நா எதுக்குங்க வரோணும்?" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள். நல்லமுத்து தீப்பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

மறுநாள் மத்தியான பஸ்ஸில் தங்கம்மா வந்து இறங்கினாள். லோகேஷ் தடுத்தும், இலக்கியா அழுதும் நிற்கவில்லையாம். சேலத்து வெக்கையில் தூக்கம் வரவில்லை என்று காரணம் சொன்னாள். பையை இறக்கி வைத்துவிட்டு, வீட்டுக்குள் நின்றிருந்த புகையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "இது நா ஒருக்காக் குடிச்ச பொகதானுங்க. புதுசா என்ன பண்ணீரும்? நீங்க பத்த வெச்சீங்கன்னா அதுதாங்க புதுசு," என்றாள். நல்லமுத்து வாய்விட்டு அழுதார். திரும்பிப் போ என்று சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். சொல்ல முடியவில்லை. ஓட்டுக்கடியில் கிடைத்த பீடியை அவளே வாங்கித் தண்ணீரில் போட்டாள்.

அப்படி அவர்கள் மூன்று வருஷத்துக்கு மேல் இருந்தார்கள். மழையில்லாத நேரம் புகை வந்தால் தங்கம்மா வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வாள், மழை என்றால் உள்ளேதான். நல்லமுத்து முறத்தை எடுத்து விசிறிக்கொண்டேயிருப்பார், விசிறுவதால் ஒன்றும் ஆகாது என்று இருவருக்கும் தெரியும், ஆனாலும் நிறுத்தமாட்டார். அவள் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டாள். கொரோனா வந்தபோது இருமுகிறவர்களை ஜீப்பில் ஏற்றமாட்டோம் என்றார்கள். அவர் மருந்துக்காக நடந்தே போய் வந்தார். அவள் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினாள், பிறகு ஒரு வார்த்தைக்கு ஒரு தடவை, பிறகு கையால் சொன்னாள். வீட்டுக்குள்ளேயோ பழைய புகைகளில் அவள் இன்னும் நன்றாகத் திட்டிக்கொண்டிருந்தாள். பேச முடியாத தங்கம்மா அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே கையை ஆட்டுவாள், பார்த்தீர்களா, என் சார்பில் அது பேசுகிறது என்பது போல.

ஒரு கார்த்திகை மாத அடைமழையில் அவள் இறந்துபோனாள். அன்று வந்துகொண்டிருந்தவை இலக்கியாவின் கல்யாணத்தன்று மண்டபத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று குடித்த பீடிகள். சாம்பார் கொதிக்கிற வாசமும் நாதஸ்வரமும் வீட்டுக்குள் இருந்தன. கெட்டிமேளம் முழங்கிக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. இழவுக்கு வந்தவர்கள் புகை வரும்போதெல்லாம் எழுந்து வழிவிட்டு, போனதும் மறுபடி உட்கார்ந்தார்கள். சாவு விழுந்த வீடு என்று அது ஒரு வேளைகூட நிற்கவில்லை.

காரியம் முடிந்ததும் இலக்கியா அப்பாவைச் சேலத்துக்குக் கூப்பிட்டாள். யாருக்காக இங்கே இருக்க வேண்டும், இந்தப் புகையில் கிடந்து நீங்களும் போய்விடுவீர்கள் என்றாள். புகையும் கூடவே வரும், உன் வீட்டில் குழந்தை இருக்கிறது என்றார். அது ஒரு காரணம்தான். "உங்கம்மா இன்னும் வர வேண்டியது நெறையா இருக்குது கண்ணு," என்று இன்னொன்றையும் சொன்னார். அவள் புரிந்துகொண்டு அப்புறம் கேட்கவில்லை. ஆண்டனி ராஜும் கிழவரை மரம் ஏறச் சொல்வதை விட்டுவிட்டு, களத்தில் காப்பி கிளறுகிற வேலை கொடுத்தார். புகை வருகிற நேரம் பார்த்து அவர் வீட்டுக்குப் போய் வருவதை யாரும் கேட்கவில்லை. முன்பு பீடிக்காக உட்கார்ந்த அதே இடைவேளைதான் அது. ஜீப்காரர்கள் புகை பாதையைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டால், நல்லமுத்து வீட்டுக்குப் போகிறது என்றார்கள்.

வருஷம் போகப் போகப் புகை இன்னும் பழைய வருஷங்களுக்குப் போனது. அதற்குள்ளே தங்கம்மாவுக்குத் தெம்பு கூடிக்கொண்டே வந்தது. தொடர்ந்து இருமினவள் விட்டு விட்டு இருமினாள், விட்டு விட்டு இருமினவள் காலையில் மட்டும் இருமினாள். நல்லமுத்து தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அவள் தேறி வருகிறாள் என்று கலாவதியிடம் சொல்லுமளவுக்குப் போய்விட்டார், கலாவதியும் நல்லதுங்கண்ணா என்றாள். இந்தப் புகைதானே அவளைக் கொன்றது என்பதை அவர் ஒரு நிமிஷம்கூட மறக்கவில்லை. மறக்காமலே அதற்குக் கதவைத் திறந்து வைத்தார்.

பங்குனியில் இரண்டு மழை பெய்து காப்பி பூத்தது. மலைச்சரிவு முழுக்க வெள்ளையாக இருந்த ஒரு காலையில் புகை வந்து வாசற்படியருகே நின்றது. அதற்குள்ளும் காப்பி பூத்திருந்தது. தங்கம்மாவின் குரல் வந்தது: "இலக்கியாவ பஸ் ஏத்தி உட்டுட்டு அப்பிடியே ரேசன் கடைக்குப் போயிட்டு வந்தர்றனுங்க, வெயிலு நல்லா அடிக்குதுன்னு மொளகாயக் காயப் போட்டுருக்கறேன், மேகம் கூடுனா எடுத்து உள்ள வெச்சுருங்க, மறந்தீங்கன்னா ராத்திரிக்குச் சோறு கெடையாது." நடுவில் ஓரிடத்திலும் நிற்காமல், ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நல்லமுத்து வாசற்படியில் உட்கார்ந்து இருமலுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. அவள் சிரித்தாள், அதிலும் இருமல் வரவில்லை. அன்றுவரை எல்லாம் நன்றாக இருந்திருக்கிறது. புகைக்குள் அவர் கையில் பீடி பாதிதான் எரிந்திருக்கிறது. அவள் பக்கத்தில் வரப்போகிறாள்.

"தங்கம், கிட்ட வராத," என்றார் நல்லமுத்து. "சொன்னாக் கேளு. எம்பக்கத்துல உக்காராத, அந்தாண்ட போயிரு."

புகைக்குள் சேலை சரசரத்தது. "பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்குதுங்க, நவுந்து உக்காருங்க. பூ வாசம் இங்கதான் நல்லா வருது," என்றாள் தங்கம்மா.

நல்லமுத்து நகர்ந்து இடம் விட்டார்.